வண்டி விளக்கும் வழிப்போக்கர் கண்ணும்

இருளைப் போக்குவதற்கென்றே விளக்கு ஏற்பட்டது. அந்த விளக்கே எதிரே வருபவரின் பார்வையை மறைத்து அவரைப் பள்ளத்தில் தள்ளுமாயின், விளக்கை ஏந்திச் சென்றவர் தம்மைக் குற்றமற்றவர் என்று கருதிக்கொள்ளலாமா? சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்து இரவொன்றில் இக்கேள்வி நமக்கே எழுந்தது. அதை அங்கத்தினர்கள் முன் வைப்பதில் நமக்குச் சிறிது வெட்கம் உண்டு. ஆயினும், பிறர் கணக்கில் பிழை கண்டு எழுதுவதையே தொழிலாகக் கொண்ட நாம் நமது பிழையை மறைப்பது முறையாகாது.

சென்னிமலை வட்டாரத்து நெசவாளர் சங்கம் ஒன்றில் அன்று சரக்கு இருப்புச் சரிபார்க்கும் வேலை. போர்வைகளையும் நூல் சிப்பங்களையும் எண்ணி, இருப்புப் புத்தகத்தோடு ஒத்திட்டு முடிக்க இரவு 8 மணிக்கு மேலாகிவிட்டது. கணக்குப் புத்தகங்களை ஒரு மூட்டையாகக் கட்டி மோட்டார் சைக்கிளின் கேரியரில் வைத்தோம். வழியில் இறங்க வேண்டிய சங்க எழுத்தரும் நமக்குப் பின்னால் ஏறிக்கொண்டார். மழை பெய்து ஓய்ந்திருந்தது. சாலையில் விளக்குக் கம்பங்கள் இல்லை.

வாய்க்கால் பாலத்தைத் தாண்டியதும் எதிரே ஒரு சைக்கிள் வந்தது. காலியான பால் கேன்களை மாட்டிக்கொண்டு வீடு திரும்பிய விவசாயி ஒருவர். அறுபது வயதைக் கடந்தவர். நமது விளக்கு டிம்மில்தான் எரிந்துகொண்டிருந்தது. இருந்தும் அவர் ஒரு கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அடுத்த கணம் சைக்கிளும் கேன்களும் அவரும் சாலையோரப் பள்ளத்தில் கிடந்தனர். நாமும் எழுத்தரும் ஓடிச்சென்று தூக்கினோம். வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. மருத்துவமனையில் எலும்பு முறிவு என்றார்கள்.

அங்கே காத்திருந்தபோது, "டிம்மில்தானே வந்தோம், ஐயா" என்று நாம் சமாதானம் சொல்லிப் பார்த்தோம். அவர் கோபிக்கவில்லை. "டிம்மோ பிரைட்டோ எனக்கென்னங்க தெரியும், தம்பி? உங்க வெளிச்சத்துக்கு இந்தப் பக்கம் ரோடு இருக்குதா இல்லையான்னே தெரியலீங்க" என்று மட்டும் சொன்னார். ஆறு வாரம் அவர் கையில் மாவுக்கட்டு இருந்தது. அவர் வீட்டு மாடுகளை அதுவரை மருமகள் கறந்தார்.

டிம்மில் வைத்தும் கண் கூசியது ஏன்? மறுநாள் மாலை நமது வீட்டுச் சுவரின் முன்னே வண்டியை நிறுத்திப் பார்த்தோம். நாம் ஒருவர் மட்டும் அமர்ந்திருந்தபோது ஒளி சுவரில் தாழ்வாகவே விழுந்தது. அதே மூட்டையைக் கேரியரில் வைத்து, எழுத்தரின் பருமன் உள்ள ஒருவரைப் பின்னால் அமர்த்தியதும் ஒளி மேலேறி, விளக்கின் உயரத்தையும் தாண்டிச் சென்றது. பிழை எங்கே என்பது அப்போது விளங்கிற்று. சுமை வைத்தது வண்டியின் பின்புறத்தில். அதனால் தலை தூக்கியது முன்புற விளக்கு.

கண் கூசினால் நேர்வது

பலத்த ஒளி பட்ட கண் மீண்டும் இருளுக்குப் பழகச் சில விநாடிகள் ஆகும். வயது ஏற ஏற இந்த நேரம் நீளுகிறது. கண்புரை தொடங்கியவர்களுக்கு எதிர்வரும் ஒளி கண்ணுக்குள்ளேயே சிதறி, பார்வை முழுதும் வெண்திரை போட்டாற்போல் ஆகிவிடும். மூன்று விநாடி என்றே வைத்துக்கொள்வோம். மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் சைக்கிள் அதற்குள் 10 மீட்டர் போய்விடும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மோட்டார் சைக்கிள் 33 மீட்டர் போய்விடும். அவ்வளவு தூரத்தையும் அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கடப்பதாகவே கொள்ளலாம்.

நமது அங்கத்தினர்களில் இருளில் பிரயாணம் செய்வோர் அநேகர். உழவர் சந்தைக்குக் காய்கறி கொண்டுபோகிறவர்கள் விடியுமுன்னே புறப்படுகிறார்கள். பால் ஊற்றுகிறவர்களும் அப்படியே. நெய்த போர்வைகளைச் சங்கத்தில் கொடுத்துவிட்டு, நூல் வாங்கிக்கொண்டு திரும்பும் நெசவாளருக்குப் பொழுது சாய்ந்துவிடுகிறது. இவர்கள் எல்லோரும் வண்டியின் பின்புறத்தில் சுமை ஏற்றிச் செல்பவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். 2017 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் தயாராகும் இருசக்கர வண்டிகளில், என்ஜின் ஓடும்போதெல்லாம் முகப்பு விளக்கு தானே எரிகிறது. ஆதலின் தவறாகத் திருப்பிய விளக்கை அணைத்துக்கொண்டு போகும் வழியும் இவ்வண்டிகளில் இல்லை. திருத்துவது ஒன்றே வழி.

சட்டமும் இதைக் கூறுகிறது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முகப்பு விளக்கின் ஒளி நிலையாகக் கீழ்நோக்கியிருக்க வேண்டும். விளக்கிலிருந்து 8 மீட்டர் தூரத்தில், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள கண்களைக் கூசச் செய்யலாகாது.

சிறு கணக்கு

விளக்கு எவ்வளவு தாழ வேண்டும் என்பதை நூற்றுக்கு இத்தனை என்று சொல்வது வழக்கம். நூற்றுக்கு ஒன்று என்றால், 100 சென்டிமீட்டர் தூரம் சென்ற ஒளி 1 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கும் என்று பொருள். பல நாடுகள் ஏற்றுக்கொண்டுள்ள ஐக்கிய நாடுகளின் 53-ஆம் எண் வாகன விதி, மோட்டார் சைக்கிளின் டிம் ஒளி நூற்றுக்கு அரையிலிருந்து இரண்டரை வரை தாழ்ந்திருக்கலாம் என்கிறது. நடுவாக நூற்றுக்கு ஒன்றரை என்று எடுத்துக்கொள்வோம்.

விளக்கின் நடு தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், நூற்றுக்கு ஒன்றரை தாழும் ஒளியின் மேல்விளிம்பு 60 மீட்டர் தூரத்தில் தரையைத் தொடும். இது போதுமான தூரம். பயந்துகொண்டு அளவுக்கு மீறித் தாழ்த்தி நூற்றுக்கு ஐந்து ஆக்கிவிட்டாலோ, ஒளி 18 மீட்டரிலேயே முடிந்துவிடும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர் ஓடுகிறது. பள்ளத்தைக் கண்டு பிரேக்கை அழுத்த நினைக்குமுன்னே வண்டி பள்ளத்தில் இருக்கும். ஆகவே மிகத் தாழ்த்துவதும் ஆபத்தே.

இனி சுமையின் கணக்கைப் பார்ப்போம். இரு சக்கரங்களின் நடுவே 130 சென்டிமீட்டர் இருப்பதாகக் கொள்வோம். பின்னால் வைத்த சுமையால் ஸ்பிரிங் அமுங்கிப் பின்புறம் 4 சென்டிமீட்டர் தாழ்ந்தால், வண்டி முழுதுமே நூற்றுக்கு மூன்று அளவு மேல்நோக்கிச் சாய்கிறது. நூற்றுக்கு ஒன்றரை தாழ்ந்திருந்த ஒளி, இப்போது நூற்றுக்கு ஒன்றரை உயர்கிறது. 40 மீட்டர் தூரத்தில் அது 60 சென்டிமீட்டர் மேலேறி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் நிற்கும். எதிரே சைக்கிளில் வருபவரின் கண் இருப்பதும் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான். ஐப்பசி இரவில் நேர்ந்தது இதுவே.

சுவரில் பார்க்கும் முறை

இதற்குக் கருவி ஒன்றும் தேவையில்லை. ஒரு சுவர், ஒரு சாக்குக்கட்டி, ஓர் அளவு நாடா, உதவிக்கு ஓர் ஆள் போதும். நெல் காயவைக்கும் சிமெண்டுக் களமோ, சுவரை ஒட்டிய பாவடியோ, சங்கக் கிடங்கின் முற்றமோ ஏற்ற இடம். தரை மட்டமாக இருக்கிறதா என்ற ஐயம் இருந்தால், கொத்தனார் செய்வதுபோல் ஒளிபுகும் ரப்பர் குழாயில் நீர் நிரப்பி, வண்டி நிற்கும் இடத்திலும் சுவரிலும் நீர்மட்டத்தைக் குறித்துத் தரையிலிருந்து அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாயின் அவ்விரு இடங்களும் ஒரே மட்டம்.

முதலில் இரண்டு டயர்களிலும் காற்று உரிய அளவு இருக்க வேண்டும். பின் டயரில் காற்றுக் குறைந்திருந்தாலே ஒளி மேலேறும். பிறகு வண்டியைச் சுவருக்கு நேராக, விளக்குக் கண்ணாடிக்கும் சுவருக்கும் இடையே 5 மீட்டர் இருக்குமாறு நிறுத்துக. ஸ்டாண்டு போடலாகாது, இரு சக்கரங்களும் தரையில் ஊன்றி, வண்டி நிமிர்ந்து நிற்க வேண்டும். ஓட்டுபவர் ஆசனத்தில் அமர வேண்டும். இரவில் வழக்கமாக எதை ஏற்றிச் செல்கிறாரோ, அந்தச் சுமையையும் வழக்கமான இடத்தில் வைக்க வேண்டும். இருமுறை குதித்து அமர்ந்தால் ஸ்பிரிங் தன் நிலைக்கு வந்துவிடும்.

இப்போது உதவியாள் தரையிலிருந்து விளக்கின் நடுப்புள்ளி வரை அளந்து, அதே உயரத்தில் சுவரில் ஒரு படுக்கைக் கோடு போடட்டும். அதற்கு 7.5 சென்டிமீட்டர் கீழே இரண்டாவது கோடு. 5 மீட்டருக்கு நூற்றுக்கு ஒன்றரை என்பது இந்த 7.5 சென்டிமீட்டரே. வண்டியின் நடுக்கோட்டுக்கு நேராக ஒரு செங்குத்துக் கோடும் வேண்டும். வண்டியோடு வந்த கைநூலில் தூரமும் தாழ்வும் தனியே குறிப்பிடப்பட்டிருந்தால், அதுவே பிரமாணம்.

பொழுது சாய்ந்தபின் விளக்கை டிம்மில் வைத்துப் பாருங்கள். பல வண்டிகளில் என்ஜின் ஓடினால்தான் விளக்கு எரியும்; ஆதலால் இதைத் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். மூடிய அறையில் புகை உயிருக்கே ஆபத்து. சுவரில் மேலே இருளும் கீழே வெளிச்சமுமாக ஒரு விளிம்பு தெரியும். அந்த விளிம்பு இரண்டாவது கோட்டின்மேல் படிந்தால் விளக்கு சரியாக உள்ளது. பழைய வட்ட விளக்குகளில் விளிம்பு தெளிவாகத் தெரியாது. அவற்றில் மிகப் பிரகாசமான பகுதியின் மேல்முனையைக் கணக்கில் கொள்க. சில விளக்குகளில் விளிம்பு இடப்பக்கம் சற்று உயர்ந்திருக்கும். இடப்பக்கம் செல்லும் நமது சாலையில் ஓரத்து நடையாளர் தெரிவதற்காக அமைந்தது அது. வலப்பக்கம் உயர்ந்து தெரிந்தால், அவ்விளக்கு வலப்பக்கம் செல்லும் நாட்டுக்கென்று செய்யப்பட்டது. அதை மாற்றிவிட வேண்டும்.

திருப்பும் முறை

விளக்கைத் திருப்பும் இடம் வண்டிக்கு வண்டி மாறும். வட்ட விளக்குள்ள வண்டிகள் பலவற்றில் விளக்குக் கிண்ணத்தின் இரு பக்கமும் போல்ட்டு இருக்கும். இரண்டையும் ஸ்பேனரால் சற்றே தளர்த்தினால், விளக்கைக் கையால் மேலும் கீழும் சாய்க்கலாம். மற்றவற்றில் விளக்கின் கீழோ பின்புறமோ ஒரு ஸ்குரூ இருக்கும். திருப்புளியால் திருப்ப வேண்டும். ஸ்கூட்டர்களில் அது பெரும்பாலும் முன்மூடியின் அடியில் மறைந்திருக்கும்.

தொடுமுன் பழைய நிலையைச் சாக்குக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். தவறினால் திரும்பி வர அது உதவும். ஸ்குரூவைக் கால் சுற்றுக்கு மேல் ஒரேயடியாகத் திருப்ப வேண்டாம். கால் சுற்றுத் திருப்பி, ஒளி எப்பக்கம் நகர்கிறது என்று சுவரைப் பார்த்து, பிறகு மேற்செல்க. கோட்டில் நின்றதும் போல்ட்டை இறுக்கி மறுபடியும் பாருங்கள். இறுக்கும்போதே விளக்கு சிறிது அசைந்துவிடுவது உண்டு. பிரைட் ஒளியைத் தனியே திருத்த வேண்டியதில்லை. இரண்டும் ஒரே கிண்ணத்திலிருந்து வருவனவாயின், ஒன்றைத் திருத்தினால் மற்றதும் உடன் வரும்.

கடைசியாக ஒரு சோதனை. ஓட்டுபவரைச் சுமையோடு வண்டியில் அமர்த்தி, நீங்கள் சாலையில் நாற்பது அடி எடுத்துவைத்து நடந்து, திரும்பி நின்று விளக்கைப் பாருங்கள். கண் கூசாமல் விளக்கையும் அதைச் சுற்றியுள்ள சாலையையும் ஒருங்கே காண முடிந்தால் வேலை முடிந்தது. சுவரிலுள்ள கோட்டைவிட நமது கண் நல்ல சாட்சி.

சுமை மாறினால்

ஒருநாள் சுமையும் மறுநாள் வெறுமையுமாகச் செல்பவர் என்ன செய்வது என்று கேட்கலாம். பல வண்டிகளின் பின்புற ஷாக் அப்சார்பரில் ஸ்பிரிங்கை இறுக்குவதற்குப் படிகள் உண்டு. சுமை ஏற்றும் நாளில் ஒன்றிரண்டு படி உயர்த்தினால், பின்புறம் அமுங்குவது குறையும்; விளக்கும் தலை தூக்காது. இந்த வசதி இல்லையெனில், சுமையோடு செல்லும் நிலைக்கே விளக்கைத் திருத்தி வைப்பது நேர்மை. சுமையின்றிச் செல்லும் நாளில் ஒளி சிறிது அருகில் விழும்; அன்று வேகத்தைக் குறைத்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது. எதிரே வருபவர் கையிலோ ஒன்றும் இல்லை.

சுமையை வைக்கும் இடமும் கவனிக்கத்தக்கது. பின் சக்கரத்தின் அச்சுக்கு அப்பால் தொங்கும் மூட்டை, அதே எடையுள்ளதாயினும், வண்டியின் தலையை அதிகம் தூக்கும். இருக்கையை ஒட்டி முன்தள்ளிக் கட்டினால் அந்தக் கேடு குறையும். மொப்பெட்டு வண்டிகளில் காலடித் தளத்தில் வைக்கும் மூட்டை அவ்வளவாக விளக்கை உயர்த்துவதில்லை. ஆனால் அது ஹாண்டில் திரும்புவதைத் தடுக்காமல் இருக்க வேண்டும்.

பல்பு மாற்றுகையில்

கடைத்தெருவில் விற்கும் வெள்ளை எல்.ஈ.டி. பல்பை வாங்கி, சாதாரண ஹாலஜன் பல்புக்கென்று அமைந்த கிண்ணத்தில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கிண்ணத்தின் வளைவு, பல்பின் இழை எந்த இடத்தில் ஒளிருமோ அந்த இடத்தைக் கணக்கிட்டுச் செய்யப்பட்டது. ஒளிரும் இடம் மயிரிழை மாறினாலும் ஒளி கண்டபடி சிதறும். அப்போது எந்த ஸ்குரூவைத் திருப்பினாலும் பயனில்லை. அதே வகைப் பல்பை மாற்றும்போதும், அதன் காதுகள் உரிய பள்ளங்களில் சரியாக அமர்ந்தனவா என்று பார்க்க வேண்டும். கோணலாக அமர்ந்த பல்பும் ஒளியைக் கெடுக்கும். விளக்கு மங்கலாக இருப்பதாகத் தோன்றினால், முதலில் கண்ணாடியின் அழுக்கைத் துடையுங்கள். செலவில்லாத வைத்தியம் அது.

சங்கங்கள் செய்யத்தக்கது

கை குணமான பின் அப்பெரியவர் தம் சங்கத்தின் தலைவரிடம் நம்மை அழைத்துச் சென்றார். பால் கொள்முதல் செய்யும் கிடங்கின் வெள்ளைச் சுவரில் 50 சென்டிமீட்டரிலிருந்து 130 சென்டிமீட்டர் வரை அளவுக்கோடுகள் வண்ணம் தீட்டப்பட்டன. சுவரிலிருந்து 5 மீட்டரில் தரையில் ஒரு கோடு. மாலைப் பால் ஊற்ற வந்தவர்கள் பொழுது சாய்ந்ததும் கேன்களோடு ஒவ்வொருவராக வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். நாமும் மூட்டையோடும் எழுத்தரோடும் வரிசையில் நின்றோம். பெரியவர் சாலையில் நாற்பது அடி தள்ளிப்போய் நின்றுகொண்டார். நமது முறை வந்தபோது கண்ணைச் சுருக்காமல் சற்று நேரம் பார்த்து, "இப்ப ரோடு தெரியுதுங்க, தம்பி" என்றார்.

இதற்கு மான்யம் வேண்டியதில்லை. மேலதிகாரியின் உத்தரவும் வேண்டியதில்லை. ஒரு டப்பா வண்ணமும் ஒரு மாலைப்பொழுதும் போதும். சங்கத்தின் பங்குத்தொகையையும் இருப்பையும் பொதுச் சொத்தென்று காக்கும் அங்கத்தினர்கள், இரவுச் சாலையில் எதிரே வருபவரின் பார்வையையும் அவ்வாறே காக்கக் கடமைப்பட்டவர்கள். அடுத்த மகாசபைக்கு அங்கத்தினர்கள் வண்டியில் வந்து சேருமுன், ஒவ்வொரு சங்கக் கிடங்கின் சுவரிலும் இந்த அளவுக்கோடுகள் எழுந்திருக்க வேண்டும் என்பது நமது வேண்டுகோள்.